ஒரு தாயின் வினாவும் ஒரு துளி இரத்தமும்

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்பது எம்மவரிடையே வழங்கும் பழமொழி. காலொடிந்தவனுக்கு ஊன்றுகோல் உண்டு. பார்வை மங்கியவனுக்குக் கண்ணாடி உண்டு. பிறக்கும்போது யாதொரு குறையுமின்றிப் பிறந்து, பின்னர் மாதந்தோறும் அறிவு மங்கிவரும் குழந்தைக்கு என்ன உண்டு? இந்த வினாவுக்கு உலகம் நெடுங்காலமாகக் கூறிவந்த விடை "தலைவிதி" என்ற ஒரு சொல்லே. அதற்குமேற் கேட்ட தாய்மாரை உலகம் பொறுமையற்றவர் என்றது. சிலவேளை குற்றவாளிகள் என்றும் சொன்னது.

நாம் மருத்துவம் பயில்வோம் அல்லோம். வரலாறு பயிலும் மாணாக்கர். மன்னர்களின் முடிசூட்டு விழாக்களையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் ஆண்டு தவறாமல் மனனஞ் செய்தவர்கள். ஆயினும், ஓர் உடன்படிக்கையும் செய்யாத மாற்றத்தைச் சில துளிச் சிறுநீரும் ஒரு துளி இரத்தமும் செய்த வரலாறொன்று உண்டு. மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஒரு நோயைக் கண்டறிந்து, அதற்கு மாற்றுங் கண்டு, அதனைப் பிறந்த குழந்தைகள் யாவர்க்கும் எட்டச்செய்த வரலாறு அது. பினைல்கீற்றோனூரியா என்பது அந்நோயின் பெயர். பெயர் நீளமானது, கதையோ நேரானது. அதனை வாசகர் முன் வைப்பதே எமது நோக்கம்.

ஒஸ்லோ நகரத்துத் தாய்

நோர்வே நாட்டிலே ஒரு தம்பதியர் வாழ்ந்தனர். அவர்களுக்கு இரண்டு குழந்தைகள். இருவரும் பிறக்கும்போது நல்ல சுகத்துடன் பிறந்தவர்களே. மகளுக்கு ஆறு வயதாகியும் சில சொற்களே பேசவந்தன. நான்கு வயது மகனுக்கு நடையுமில்லை, பேச்சுமில்லை. இருவரிடமும் ஒருவகை விசித்திர வாடை வீசிக்கொண்டிருந்தது. குளிப்பாட்டினாலும் அது போவதில்லை. தாய் வைத்தியர் பலரிடம் சென்றாள். பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்றும், அந்த வாடைக்குக் காரணம் யாது என்றும் கேட்டாள். ஒருவரிடமும் விடை கிடைக்கவில்லை.

1934ஆம் ஆண்டில் அவள் ஒஸ்லோவில் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற வைத்தியரை அடைந்தாள். அவர் முதலில் இரசாயனம் கற்றுப் பின்னர் மருத்துவம் கற்றவர். இந்தக் கல்வி முறையே வரலாற்றைத் திருப்பிற்று எனலாம். வேறு வைத்தியர்கள் குழந்தைகளின் முகத்தைப் பார்த்தனர். ஃபோலிங் அவர்களின் சிறுநீரைப் பார்த்தார். நீரிழிவு நோயாளரிடத்து வழக்கமாகச் செய்யும் சோதனையொன்றை அவர் செய்தார். பெரிக்குக் குளோரைட்டுக் கரைசலைச் சிறுநீரிற் சில துளிகள் விடுவதே அச்சோதனை. சாதாரணமாகக் கலவை செங்கபில நிறமாகவே இருக்கும். கீற்றோன் வகைப் பொருள் இருப்பின் கருஞ்சிவப்பாகும். இங்கோ அது கரும்பச்சையாயிற்று! அத்தகைய நிறத்தை அவர் முன்னர் கண்டதுமில்லை, நூல்களிற் படித்ததுமில்லை.

மருந்துகளால் வந்த நிறமாயிருக்குமோ என ஐயுற்ற அவர், குழந்தைகளுக்குக் கொடுத்துவந்த மருந்துகள் யாவற்றையும் ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார். நிறுத்திய பின்னரும் பச்சை மாறவில்லை. அதன்பின் அந்தத் தாய் செய்த தொண்டு வரலாற்று நூல்களில் ஒரு வரியாகவே வரும். ஆனால் நாம் அதனை ஒரு வரியிற் கடந்துவிடல் தகாது. பச்சை நிறத்துக்குக் காரணமான பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க ஏறக்குறைய இருபது லீற்றர் சிறுநீர் வேண்டியிருந்தது. நடக்கவும் சொல்லவும் தெரியாத குழந்தைகளிடமிருந்து அதனைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தவள் அவளே. பல வாரங்கள் உழைத்து ஃபோலிங் அப்பொருளை இன்னதென்று நிறுவினார். அது பினைல்பைரூவிக்கமிலம். உடலில் அவ்வளவாகச் சேரக்கூடாத ஒரு பொருள்.

இரண்டு குழந்தைகளோடு அவர் நின்றுவிடவில்லை. அறிவு வளர்ச்சி குன்றியோர் வாழ்ந்த விடுதிகளிலிருந்து 430 பேரின் சிறுநீரைச் சோதித்தார். எட்டுப்பேரிடத்து அதே பச்சை நிறம் தோன்றியது. ஒரே குடும்பத்திற் பிறந்த உடன்பிறப்புகள் அவர்களுட் காணப்பட்டமையால், இது பரம்பரையாக வருவது என்ற ஐயமும் எழுந்தது. அவ்வாண்டே ஒரு யேர்மன் விஞ்ஞான ஏட்டில் தமது முடிபை வெளியிட்டார். "அறிவு மந்தம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைக்கப்பட்டிருந்த கூட்டத்தினுள்ளே, காரணம் இன்னதென்று இரசாயன முறையிற் காட்டக்கூடிய நோயொன்று முதன்முறையாகத் தனியே பிரித்துக் காட்டப்பட்டது.

தாயின் வினாவுக்கு விடை கிடைத்தது. மருந்து கிடைத்ததா? இல்லை. மகன் சிறுவயதிலேயே இறந்தான். மகள் வளர்ந்தாள், அறிவோ வளரவில்லை. கண்டுபிடிப்புக்கு வாயிலாயிருந்த குடும்பம் அதனால் ஒரு பயனும் பெறவில்லை. இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இந்த வரலாறு முழுவதும் இதே துயரம் திரும்பத் திரும்ப வரும்.

அதே ஆண்டில் இன்னொரு விடை

வரலாறு பயில்வோர் ஆண்டுகளை ஒப்புநோக்குதல் வழக்கம். 1934ஆம் ஆண்டில் ஒஸ்லோவிற் சோதனைக்குழாய் பச்சையான அதேவேளையில், ஃபோலிங்கின் கட்டுரையை அச்சிட்ட யேர்மனியில் என்ன நடந்தது? அவ்வாண்டு சனவரி முதலாந் திகதி அங்கே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. பரம்பரை நோயுடையோரெனக் கருதப்பட்டவர்களை அவர்கள் சம்மதமின்றியே மலடாக்கலாம் என்பது அச்சட்டம். அதிற் குறிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் முதலிடம் பெற்றது பிறவி அறிவுக்குறைவு. நாசியர் ஆட்சி முடிவதற்குள் ஏறத்தாழ 400,000 பேர் அங்ஙனம் மலடாக்கப்பட்டனர். 1939ஆம் ஆண்டின் பின் கொடுமை இன்னும் ஒருபடி ஏறியது. 1941ஆம் ஆண்டு ஓகத்து மாதத்துக்குள் விடுதிகளிலிருந்த 70,000க்கும் மேற்பட்ட நோயாளர் நச்சுவாயுவாற் கொல்லப்பட்டனர். நோர்வேயிலும் 1934ஆம் ஆண்டில் மலடாக்கற் சட்டமொன்று நிறைவேறியது என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

ஒரே வினாவுக்கு இரண்டு விடைகள். "இக்குழந்தைக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்டது ஒன்று, "இக்குழந்தை ஏன் பிறந்தது?" என்று கேட்டது மற்றொன்று. முதல் வினா ஆய்வுகூடத்துக்கு இட்டுச் சென்றது. இரண்டாவது வினா கொலைக்களத்துக்கு இட்டுச் சென்றது.

இந்த இரண்டாவது வழியை அறிவுமுறையால் எதிர்த்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் லயனல் பென்றோஸ். நோய்க்குப் பினைல்கீற்றோனூரியா என்னும் பெயர் அவரும் யூடா குவாஸ்டலும் சூட்டியது. பென்றோஸ் 1945ஆம் ஆண்டில் இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியிற் பேராசிரியரானார். அவர் வகித்த பதவியின் பெயர் அப்போது "இனமேம்பாட்டியல்" என்பது. அப்பதவியை ஏற்றபோது ஆற்றி, 1946ஆம் ஆண்டில் அச்சான தமது தொடக்கவுரைக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் இந்நோயே. இனமேம்பாட்டுக்காரரின் வாதம் இங்கே செல்லாது என்பதை அவர் காட்டினார்.

காரணம் எளிய கணக்கு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பரம்பரையலகு வந்தாலன்றிக் குழந்தைக்கு இந்நோய் வராது. ஒன்று மாத்திரம் உடையோர் யாதொரு குறையுமின்றி வாழ்வர். தாம் அதனைச் சுமப்பதையும் அறியார். பதினாயிரம் பேருக்கு ஒருவர் நோயுற்றிருப்பின், அதனைச் சுமப்போர் ஐம்பது பேருக்கு ஒருவர் வீதம் இருப்பர். ஆகவே நோயுற்றோரை மலடாக்கினால் நோய் குறையாது. சுமப்போரையெல்லாம் மலடாக்குவதெனின், மருத்துவரும் நீதிபதியும் அமைச்சரும் அந்த வரிசையில் நிற்கவேண்டியதுதான். பழுது "அவர்களிடத்து" மட்டும் உண்டு என்ற செருக்கை இக்கணக்கு உடைத்தெறிந்தது. பென்றோஸ் தமது துறையின் ஆய்வேட்டுக்கு இருந்த இனமேம்பாட்டுப் பெயரையும் 1954ஆம் ஆண்டில் மாற்றுவித்தார்.

உணவே மருந்தாதல்

நோயின் காரணம் ஒருபடி தெளிந்தது அமெரிக்காவில். ஜோர்ஜ் ஜேர்விஸ் என்பார் 1947ஆம் ஆண்டிலும் 1953ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஆய்வுகளால், பிழை எங்கே உளது என்பது வெளிப்பட்டது. நாம் உண்ணும் பால், முட்டை, மீன், இறைச்சி, பருப்பு ஆகியவற்றின் புரதத்திலே பினைலலனின் என்னும் அமினோவமிலம் உண்டு. ஈரலிலுள்ள ஒரு நொதியம் அதனைத் தைரோசின் என்னும் வேறோர் அமினோவமிலமாக மாற்றுகிறது. இக்குழந்தைகளிடத்து அந்த நொதியம் வேலை செய்வதில்லை. ஆகவே பினைலலனின் இரத்தத்திற் பெருகி, வளர்ந்துவரும் மூளையைக் கெடுக்கிறது. தோலுக்கும் முடிக்கும் நிறந்தரும் பொருள் தைரோசினிலிருந்தே உண்டாவதால், இக்குழந்தைகளுட் பலர் உடன்பிறந்தோரினும் வெளிறிய நிறத்தினராயிருப்பர். தாய் ஊட்டும் பாலே குழந்தைக்கு நஞ்சாகும் நிலையை என்னென்பது!

அங்ஙனமாயின் உணவிலிருந்து பினைலலனினை நீக்கிவிட்டால் என்ன? இப்போது எளிதாய்த் தோன்றும் இவ்வெண்ணம் அப்போது எளிதாயிருக்கவில்லை. பரம்பரை நோயெனின் மாற்ற முடியாதது என்பதே அக்கால வைத்தியருட் பெரும்பாலார் கொண்ட கருத்து. இலண்டனிற் சிறுவர் வைத்தியசாலையிற் பணியாற்றிய லூயி வூல்வ் என்ற இரசாயனர், பாற்புரதத்தைச் சிதைத்துக் கரியினூடே செலுத்தினால் பினைலலனின் நீங்கிவிடும் என்று வழி சொன்னார். அவ்வழியைச் செயலாக்கியவர்கள் பேர்மிங்ஹாம் சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த ஹோர்ஸ்ட் பிக்கல், ஜோன் ஜெராட், எவலின் ஹிக்மன்ஸ் என்னும் மூவர். பிக்கல் யேர்மன் தேசத்தவர். போர் முடிந்து சில ஆண்டுகளே கழிந்த காலத்தில், யேர்மனியில் இத்தகைய குழந்தைகளுக்கு நேர்ந்ததை உலகம் அறிந்திருந்த காலத்தில், ஒரு யேர்மன் வைத்தியர் ஆங்கிலத் தாயொருத்தியின் குழந்தைக்காக உழைத்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

அந்தத் தாயும் விடாக்கண்டியே. தன் பெண்குழந்தைக்கு நோய் இன்னதென்று பிக்கல் சொன்னபோது அவள் மனம் நிறைவுறவில்லை. மருந்து எங்கே என்று கேட்டாள். நாள்தோறும் வந்து கேட்டாள். குழந்தை நிற்காது, நடவாது, பேசாது. தலையை மோதிக்கொண்டு அழும். அத்தாயின் நச்சரிப்பே தம்மைத் தூண்டியது என்று பிக்கல் பிற்காலத்திற் கூறியதுண்டு. குளிரறையில் நின்று அந்த உணவை வடித்தெடுத்தனர். தொடக்கத்தில் பினைலலனினை முற்றாக நீக்கியபோது குழந்தை மெலிந்தது. உடல் வளர்வதற்கு அதுவும் சிறிது வேண்டும் என்பதை உணர்ந்து, அளந்து சிறிது பால் சேர்த்தனர். கூடினால் நஞ்சு, குறைந்தால் மெலிவு, அளவே மருந்து. சில மாதங்களில் குழந்தை தவழ்ந்தது, எழுந்து நின்றது. கண்களில் ஒளி வந்தது. தலையை மோதுதல் நின்றது.

இது உணவின் பயனா, வளர்ச்சியின் போக்கா? இதனை நிலைநாட்ட அவர்கள் செய்த சோதனை எம்மைச் சற்றே நிறுத்தி வைக்கிறது. தாய்க்குத் தெரியாமல் அவ்வுணவில் மீண்டும் பினைலலனினைச் சேர்த்தனர். சில மணி நேரத்துள் குழந்தை பழையபடி அழுதது; ஒருநாளுள் நிற்கும் வலுவை இழந்தது. பின்னர் தாய்க்கு உண்மையைச் சொல்லி, வைத்தியசாலையிலே வைத்து மறுமுறையும் சோதித்துக் காட்டினர். 1953ஆம் ஆண்டு "லான்செற்" ஏட்டில் முடிபு வெளியாகியது. ஐயுற்றிருந்த வைத்திய உலகம் நம்பியது.

சான்று வலியது என்பதை நாம் மறுக்கவில்லை. அச்சான்றின்றிப் பிற குழந்தைகளுக்கு அவ்வுணவு விரைவிற் கிடைத்திராது என்பதும் மெய்யே. ஆயினும் பெற்றவளுக்குத் தெரியாமல் அவள் குழந்தையின் நலனைக் கெடுத்துப் பார்த்தல் அறமாகுமா? நோயாளரின் சம்மதமின்றிச் சோதனை செய்தல் ஆகாது என்ற நியமம் 1947ஆம் ஆண்டில் நூரெம்பேர்க்கில் எழுதப்பட்டிருந்தது. 1964ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பிரகடனம் அதனை மருத்துவ உலகின் விதியாக்கியது. எமது எண்ணம் இது: அந்தத் தாயிடம் முன்னரே சொல்லியிருந்தால் அவள் மறுத்திருக்கவுங்கூடும், மறுக்கும் உரிமையும் அவளுக்கு இருந்தது. பயன் பெரிது என்பதால் வழி சரியாகிவிடாது. இவ்வரலாற்றைப் போற்றுவோர் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாகாது.

அக்குழந்தையும் முழு நலம் பெறவில்லை. உணவு தொடங்குமுன்னரே மூளை பெரிதும் கெட்டிருந்தது. அறிவதும் மாற்றுவதும் போதா; காலத்தில் அறியவும் வேண்டும். இதுவே பேர்மிங்ஹாம் கற்பித்த பாடம்.

காலத்தோடு நடந்த போட்டி

அமெரிக்க எழுத்தாளர் பேர்ள் பக் அம்மையாரை எம் வாசகர் அறிவர். மிசனரிப் பெற்றோரின் மகளாய்ச் சீனத்தில் வளர்ந்தவர். 1931ஆம் ஆண்டில் வெளிவந்த "தி குட் ஏர்த்" நாவலால் உலகப் புகழெய்தி, 1938ஆம் ஆண்டில் நொபெல் பரிசு பெற்றவர். 1920ஆம் ஆண்டிற் பிறந்த அவருடைய மகளுக்கு இந்நோயே இருந்தது. காரணம் தெரியாமலே அவர் மகளை நியூ ஜேர்சியிலுள்ள விடுதியொன்றிற் சேர்த்தார். விடுதிச் செலவுக்குப் பணந் தேடுவதும் அவர் எழுதியதற்கு ஒரு காரணமாயிற்று. இத்தகைய பிள்ளைகளை வீட்டார் மறைத்து வளர்த்த காலத்தில், 1950ஆம் ஆண்டில் தம் மகளைப்பற்றித் தம் பெயராலேயே ஒரு நூல் எழுதி வெளியிட்டார். அந்நூல் பல பெற்றோரை வாய்திறக்கச் செய்தது. மகளின் நோய்க்குப் பெயர் தெரியவந்ததோ பல்லாண்டுகள் கழிந்த பின்னரே.

இனி, காலத்தில் அறிவது எப்படி? 1957ஆம் ஆண்டளவில் கலிபோர்ணியாவில் வில்லாட் சென்ரவோல் என்னும் வைத்தியர், குழந்தையின் நனைந்த அணையாடையிலே பெரிக்குக் குளோரைட்டைத் துளித்துப் பார்க்கும் முறையைப் பரப்பினார். மிக எளிய முறை. ஆயினும் குழந்தை பிறந்து சில வாரங்கள் கழியாமல் பச்சை தோன்றுவதில்லை. அதற்குள் தாயும் சேயும் வைத்தியசாலையை விட்டு வீடு சென்றுவிடுவர். மூளையோ கெடத் தொடங்கிவிடும்.

இந்த இடைவெளியை மூடியவர் நியூ யோர்க் மாநிலத்துப் பஃபலோ நகரைச் சேர்ந்த ரொபேட் கத்ரி. அவர் நுண்ணுயிரியல் வல்லுநர். புற்றுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவர். அவருடைய மகன் ஒருவன் வேறு காரணத்தால் அறிவு வளர்ச்சி குன்றியவன். அத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் சங்கத்தில் ஈடுபட்டமையால் அவர் இத்துறைக்கு வந்தார். உணவுமுறையிலிருக்கும் பிள்ளைகளின் இரத்தத்தை எளிதாய் அளக்க வழியுண்டா என்று வைத்தியரொருவர் அவரிடம் கேட்டார். அவர் வழி கண்டார். அதற்கிடையில் அவர் மனைவியின் உடன்பிறந்தாளுக்குப் பிறந்த பெண்குழந்தைக்கு இந்நோய் இருப்பது தெரியவந்தது. அப்போது அதற்குப் பதினைந்து மாதம். காலங் கடந்துவிட்டது. தம் உறவுக் குழந்தைக்கே உதவ முடியாத அவ்வறிவைப் பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் எட்டவைக்க அவர் உறுதிகொண்டார்.

அவர் கண்ட முறை வியக்கத்தக்கது. பிறந்து சில நாளான குழந்தையின் குதிகாலிற் சிறு குத்து. வடிதாளில் ஒரு துளி இரத்தம். அது உலர்ந்ததும் சாதாரணத் தபாலிலே ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். ஆய்வுகூடத்தில் ஒரு தட்டில் பற்றீரியா விதைக்கப்பட்டிருக்கும். அது வளராதபடி தடைப்பொருளொன்றும் அத்தட்டிற் கலந்திருக்கும். இரத்தம் தோய்ந்த தாளிலிருந்து சிறு வட்டத்தை வெட்டி அதன்மேல் வைப்பர். அவ்விரத்தத்திற் பினைலலனின் மிகுந்திருப்பின் அது தடையை வென்றுவிடும். வட்டத்தைச் சுற்றிப் பற்றீரியா வளரும். வளையம் அகன்றிருந்தால் ஆபத்து. இவ்வளவுதான்! ஒரே தட்டிற் பல குழந்தைகளின் இரத்தத்தைச் சோதிக்கலாம். செலவோ சில சதங்கள்.

1961ஆம் ஆண்டிலிருந்து இரண்டாண்டுகளில், அமெரிக்காவின் 29 மாநிலங்களில் 400,000 குழந்தைகள் சோதிக்கப்பட்டனர். 39 பேருக்கு நோய் இருப்பது தெரியவந்தது. ஏறக்குறையப் பதினாயிரத்துக்கு ஒருவர்! 1963ஆம் ஆண்டில் மசசூசெற்ஸ் மாநிலம் இச்சோதனையைச் சட்டத்தாற் கட்டாயமாக்கியது. ஏனைய மாநிலங்களும் பிற நாடுகளும் பின்தொடர்ந்தன. சோதனைப் பெட்டிகளைச் செய்யும் தனியுரிமை ஒரு கம்பெனிக்கு அளிக்கப்பட்டபோது, தாம் 6 டொலருக்குச் செய்த பெட்டிக்கு அக்கம்பெனி 262 டொலர் கேட்கவிருந்ததைக் கத்ரி அறிந்து வெகுண்டார். அவர் அதனை அரசாங்கத்திடம் முறையிட்டுப் போராடி, அம்முறையைப் பொதுமக்களின் உடைமையாக்கினார். அதனால் அவர் ஒரு சதமும் தேடவில்லை.

வெற்றிக்குப் பின் வந்த பாடங்கள்

வெற்றி முழக்கத்தோடு வரலாற்றை முடித்துவிடலாம், அது உண்மையாகாது. தொடக்க காலத்தில், இரத்தத்தில் பினைலலனின் சிறிதே மிகுந்திருந்தும் தீங்கில்லாத குழந்தைகள் சிலரையும் நோயாளரென எண்ணிக் கடும் உணவுக்கட்டுப்பாட்டில் வைத்தனர். புரதங் குறைந்து அவர்களுட் சிலர் நலிந்தனர். சோதனை ஒன்று சொன்னவுடன் நம்பிவிடாமல் மறுசோதனை செய்யவேண்டும் என்பது இவ்வாறே கற்கப்பட்டது.

இன்னொன்று. ஐந்தாறு வயதில் மூளை பெரிதும் வளர்ந்துவிடுமாதலால் அதன்பின் உணவுமுறையை நிறுத்தலாம் என்று பலர் கருதினர், நிறுத்தியும் விட்டனர். அங்ஙனம் நிறுத்திய பிள்ளைகளுட் பலரிடம் கவனக்குறைவும் கற்றலில் இடர்ப்பாடும் தோன்றின. இன்று இவ்வுணவுமுறை வாழ்நாள் முழுவதுக்கும் உரியது.

மூன்றாவது பாடம் மிகக் கடியது. சோதனையாற் காப்பாற்றப்பட்ட பெண்குழந்தைகள் வளர்ந்து தாயராயினர். சிறுவயதிலேயே உணவுமுறையை விட்டிருந்த அவர்களின் இரத்தத்திற் பினைலலனின் மிகுந்திருந்தது. அது கருவிலிருந்த குழந்தையின் மூளையைக் கெடுத்தது. குழந்தைக்கு அந்நோய் இல்லாதபோதும் கெடுத்தது. 1956ஆம் ஆண்டிலேயே சாள்ஸ் டென்ற் இதனைக் குறிப்பிட்டிருந்தார். 1980ஆம் ஆண்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கருப்பங்களைத் தொகுத்து ஆராய்ந்தபோது இது ஐயமின்றி நிறுவப்பட்டது. கருத்தரிக்குமுன்னரே தாய் உணவுமுறைக்கு மீண்டால் குழந்தை நலமாகப் பிறக்கும் என்பதும் பின்னர் தெளிவாயிற்று. ஒரு தலைமுறையைக் காத்துவிட்டு அடுத்த தலைமுறையை மறந்துவிட்டால், பெற்ற வெற்றி பேரப்பிள்ளைகளின் காலத்தில் தோல்வியாகிவிடும்.

அதன்பின் அறிவு வேகமாக வளர்ந்தது. 1983ஆம் ஆண்டில் இந்நோய்க்குரிய பரம்பரையலகு பிரித்தெடுக்கப்பட்டது. அது பன்னிரண்டாவது நிறமூர்த்தத்தில் உள்ளது. 2007ஆம் ஆண்டில் சப்ரோப்ரெரின் என்ற மருந்தும், 2018ஆம் ஆண்டில் பெக்வலியேஸ் என்ற நொதிய மருந்தும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. ஆயினும் பெரும்பாலோர்க்கு இன்றும் அடிப்படை மருந்து அளந்துண்ணும் உணவே. சர்க்கரைக்குப் பதிலாக அஸ்பாற்றேம் சேர்த்த மென்பானப் போத்தல்களை வாசகர் எடுத்துப் பார்ப்பாராக. பினைலலனின் உண்டு என்னும் சிறிய எச்சரிக்கை அங்கே அச்சிடப்பட்டிருக்கும். எம்மில் எவரும் படியாத அந்தச் சிற்றெழுத்தை எங்கோ ஒருவர் நாள்தோறும் படித்துத் தம் மூளையைக் காத்துக்கொள்கிறார்.

கத்ரி கண்ட வடிதாள் வேறு நோய்களுக்கும் வழிதிறந்தது. 1970களில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஷோன் டுசோல் என்பார் அதே உலர்ந்த இரத்தத் துளியில், தைரொயிட்டுச் சுரப்பி பிறவியிலேயே குறைந்திருப்பதைக் கண்டறியும் முறையை வகுத்தார். அக்குறை கவனியாது விடப்பட்டாலும் அறிவு வளர்ச்சி கெடும். காலத்திற் கண்டால் நாளுக்கொரு மாத்திரையே போதும். எமது இலங்கையிலும் அரச வைத்தியசாலைகளிற் பிறக்கும் குழந்தைகளின் குதிகாலிலிருந்து இச்சோதனைக்காக இரத்தம் எடுக்கப்படுகின்றது. குழந்தை ஒரு கணம் வீறிட்டழும். தாயின் நெஞ்சு பதறும். அந்த ஒரு கணத்து அழுகைக்குப் பின்னே ஒஸ்லோவும் பேர்மிங்ஹாமும் பஃபலோவும் நிற்கின்றன என்பதைப் பலர் அறியார்.

கடன்

1934ஆம் ஆண்டில் நோய் காணப்பட்டது. 1953ஆம் ஆண்டில் அதற்கு மாற்றுக் கிடைத்தது. 1963ஆம் ஆண்டில் அது சட்டமாகிக் குழந்தைகளை எட்டியது. மூன்று படிகளுக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். இம்மூன்றில் எதுவும் தனித்து நின்றிருந்தாற் பயனில்லை. கண்டறிந்து மாற்றில்லையேல் துயரத்துக்குப் பெயர் சூட்டியதோடு முடியும். மாற்று இருந்தும் காலத்திற் கண்டறியாவிடில் அது அலுமாரியிற் கிடக்கும் மருந்தே. இரண்டும் இருந்து ஏழைக்கு எட்டாவிடில் அது செல்வர் வீட்டுச் சொத்து. மூளையைத் தாக்கும் எந்த நோயைப்பற்றிய ஆராய்ச்சியையும் இந்த மூன்று வினாக்களால் அளந்து பார்க்கலாம். முதுமையில் நினைவிழப்போரின் நோயைக் கண்டறிவதில் உலகம் இன்று முயன்றுவரும் வேளையில் இவ்வளவுகோல் மிகப் பயன்படும் என்பது எமது துணிபு.

ஆயினும் எம்மனத்தை விட்டகலாதது வேறொன்று. ஒஸ்லோ தாயின் பிள்ளைகள் நலம் பெறவில்லை. பேர்மிங்ஹாம் குழந்தை முழு நலம் பெறவில்லை. பேர்ள் பக்கின் மகளுக்கும் கத்ரியின் உறவுக் குழந்தைக்கும் காலங் கடந்துவிட்டது. விடுதிகளில் இருந்து சிறுநீரும் இரத்தமும் கொடுத்த நூற்றுக்கணக்கானோர் தாம் எதற்குக் கொடுக்கிறோம் என்பதையே அறியார். இவ்வரலாற்றிற் கொடுத்தவர் ஒருவர், பெற்றவர் வேறொருவர். இன்று பாடசாலை சென்று, தேர்வெழுதி, மணமுடித்து, பிள்ளைகளைப் பெற்று வாழும் ஆயிரக்கணக்கானோர் அந்த வாய்பேசாக் குழந்தைகளுக்குக் கடன்பட்டவர்கள்.

அக்கடனைத் தீர்க்கும் வழி யாது? நலம் பெறமுடிந்தவரைக் கொண்டாடி, நலம் பெறமுடியாதவரை வீட்டின் பின்னறையில் ஒளித்துவைத்தல் அன்று. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளை எம் ஒழுங்கையிலும் உண்டு, எம் உறவிலும் உண்டு. அப்பிள்ளையின் தாய் கேட்கும் வினாவை, அது எத்தனையாவது முறையாயினும், இருந்து கேட்பதே முதற்கடன். உலகத்துப் பிள்ளைகள் பலரின் அறிவைக் காத்தது, வைத்தியர் பலர் கேட்டுச் சலித்த அந்த ஒரு வினாவே அன்றோ!